கைப்பிடிக் குழாயின் உட்புறம்

லிஷாவுக்கு வெட்கப்பட்டுப் பழக்கமில்லை. பள்ளியில் முதல், கல்லூரியிலும் முதல். திருவனந்தபுரத்து ஆய்வு நிலையத்தில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது சபையில் அவள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திர ஜெபம் வேறு. இப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தலைகுனிய நேரம் எங்கே இருந்தது? அதனால்தான், கடைசியில் அது வந்து சேர்ந்தபோது சில்லறையாக வரவில்லை, மொத்தமாக வந்தது.

விஷயம் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்தது. திருப்புறத்தில், கடற்காற்று எட்டும் தூரத்தில், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது அவர்களுடைய சபை. மிஷன் காலத்துக் கட்டடம், படிகள் செங்குத்து. முட்டுவலிக்காரர்கள் ஏற முடியாமல் வீட்டிலேயே உட்கார்ந்து யூட்யூபில் ஆராதனை பார்க்கத் தொடங்கியதும் கமிட்டிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காணிக்கைப் பை யூட்யூபுக்குள் நீளாதல்லவா? படிகளுக்குக் கிரானைட் பதித்து, இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் கைப்பிடி போடுவது என்று முடிவாயிற்று.

கைப்பிடி வேலையை ஜெயனிடம் கொடுத்தார்கள். உதியன்குளங்கரை முக்கில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். சபைக்காரன் இல்லை, ஆனால் லிஷாவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன். அவள் பள்ளிக்குப் போன காலத்தில் அவளுடைய சைக்கிளுக்கு எத்தனை முறை ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்பதற்குக் கணக்கில்லை. பட்டறைக்குச் சாமான் வாங்கி வருவது மட்டும் அவனுடைய அப்பா பொன்னப்பனின் பொறுப்பு. லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷர். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் எந்தக் கடையில் எது நல்லது என்று அவருக்குத் தெரியும்.

சபையின் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் பெண்கள் சங்கம் கூடிப் படிகளையும் கைப்பிடியையும் கழுவிப் பளபளப்பாக்கியது. மறுநாள் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். மழைக்காலம் வந்தது. மழை முடிந்து ஓணம் வருவதற்குள், துருப்பிடிக்காது என்று சொல்லிப் போட்ட ஸ்டீலில் செம்புள்ளி கண்டது. புள்ளிகள் பெருகின. பிடித்து ஏறினவர்களின் உள்ளங்கை பழுப்பானது. திருவிருந்துக்குப் போன கையை முதலில் சேலையில் துடைக்க வேண்டியதாயிற்று. லிஷாவின் அம்மா ஆனந்தபாய் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவளுடைய வெள்ளைச் சேலையில் ஒரு முழத்துக்குத் துருக்கறை விழுந்த ஞாயிற்றுக்கிழமையோடு பொறுமை முடிந்தது.

"முந்நூத்தி நாலுன்னு சொல்லி இருநூத்தி ரெண்டைக் கொண்டு வச்சிட்டான்" என்றார் சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானசிகாமணி. முந்நூற்று நாலு என்பது நல்ல ஸ்டீல், இருநூற்று இரண்டு என்பது விலை குறைந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஜெயனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"நல்ல முந்நூத்தி நாலு ஆக்கும் அண்ணாச்சி. இது ஏன் இப்பிடி ஆச்சுன்னு எனக்குத் தெரியல்ல."

தெரியவில்லை என்று சொல்பவனை யார் நம்புகிறார்கள்? ஞானசிகாமணிக்கு உடனே ஞாபகம் வந்தது லிஷாதான். துருவைப் பற்றித்தானே அந்தப் பிள்ளை படிக்கிறது! கைப்பிடியின் கீழ்க்கோடியில் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, மூடி வைத்த முனையோடு அவள் கையில் கொடுத்தார். "நீ பாத்துச் சொன்னா ஊரு ஒத்துக்கும் மக்கா."

அந்த வார்த்தை அவளுக்கு இனித்தது. இனித்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அவளுடைய வேலை என்ன என்றும் சொல்ல வேண்டும். மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனையைத் தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே உப்புக் கரைசல். முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு நிற்கும். அந்தச் சொட்டை உலோகத்தின் மேல் தொட வைத்து, அந்த இடத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளந்து, தூக்கி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் தொட வைக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை. எல்லாவற்றையும் இயந்திரமே செய்யும், பக்கத்தில் யாரும் கதவை அறைந்து சாத்தாமல் இருந்தால் போதும். முடிவில் கணினி இரண்டு படம் தரும். ஒன்றில் மேடு பள்ளம் தெரியும். இன்னொன்றில், உலோகம் எந்த இடத்தில் சும்மா இருக்கிறது, எந்த இடத்தில் கரையத் துடிக்கிறது என்பது தெரியும்.

கைப்பிடித் துண்டின் மேற்புறத்தை அவள் அந்த இயந்திரத்தில் வைத்தாள். படம் அற்புதமாக வந்தது. நுண்ணிய குழிகள், குழிகளைச் சுற்றிலும் கொந்தளிப்பு. அவள் பார்த்த இடம் ஒரு தூசியின் அளவுகூட இருக்காது. அதற்கு எந்த நிறம் கொடுப்பது என்பது பார்ப்பவர் விருப்பம். பச்சை கொடுக்கலாம், மஞ்சள் கொடுக்கலாம். லிஷா சும்மா இருக்கும் இடத்துக்கு நீலமும், கரையும் இடத்துக்கு ரத்தச் சிவப்பும் கொடுத்தாள். சபையில் காட்டப் போகிறோமே என்று நினைத்துக் கொடுத்தாள்.

ஸ்டீல் முந்நூற்று நாலா, இருநூற்று இரண்டா என்று கண்டுபிடிக்க இந்த இயந்திரம் தேவையே இல்லை. அதில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் வேறொரு எளிய சோதனை உண்டு. அது பக்கத்துத் துறையில் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. லிஷா காத்திருக்கவில்லை. கையில் இவ்வளவு அழகான படம் இருக்கும்போது யார்தான் வரிசையில் நிற்பார்கள்?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாட்டு வரிகள் ஓடும் திரையில் அவளுடைய படம் வந்தது. சபை முழுக்க "ஐயோ" என்றது. ஒரு சுவர் அளவுக்குச் சிவப்பு. அவள் சொட்டைப் பற்றிச் சொன்னாள், மின்சாரத்தைப் பற்றிச் சொன்னாள், "ஸ்டீல் நல்லபடியா இருந்தா இது முழுக்க நீலமா இருக்கணும்" என்றும் சொன்னாள். இதுவரை சொன்னதெல்லாம் உண்மை. அப்போது முன்வரிசையில் இருந்து ஞானசிகாமணி எழுந்தார்.

"அப்போ கள்ள ஸ்டீல்தான், இல்லியா மக்கா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜெயன் சொன்னானே, அதே வார்த்தை. அத்தனை கண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா பெருமையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"அப்படித்தான் தோணுது" என்றாள் லிஷா.

யாரோ அதைப் போனில் பிடித்தார்கள். ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் அது ஜெயனுடைய போனுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படி வேலை ஜெயனுக்குக் கிடைப்பதாக இருந்தது, வேறொருவனுக்குப் போயிற்று. பாறசாலையில் பாதி செய்து வைத்திருந்த கேட்டை வேண்டாம் என்றார்கள். அவனுடைய மனைவி பிந்து தண்ணீர் பிடிக்கப் போகும் இடத்தில் ஸ்டீல் பாத்திரத்தைத் தட்டிக் காட்டி "இது எத்தனாம் நம்பர்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். லிஷாவும் இதைக் கேள்விப்பட்டாள். பாவம்தான், ஆனால் ஏமாற்றினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை பொன்னப்பன் சபைக்கு வந்தார். துவைத்து மடித்த வேட்டி, முழுக்கைச் சட்டை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலுக்கு உள்ளே நின்றார். போதகரிடம் அனுமதி கேட்டார். மைக்கை நீட்டினார்கள், வாங்கவில்லை.

"பைப்பு வாங்கினது நானாக்கும். வெலை கொறஞ்சதை வாங்கிட்டு மிச்சத்தை நான் எடுத்தேன். எனக்க மவனுக்கு இது தெரியாது. அவன் மேல கோவம் வைக்கப்பிடாது. எல்லாரும் எனக்கு மாப்பு தரணும்."

சபை உருகிப் போயிற்று. ஒரு இந்து முதியவர் தேடி வந்து அறிக்கையிடுவது என்றால் சும்மாவா? போதகர் கண்கலங்கி, "சபையே, மன்னிக்கிறோமா?" என்றார். "ஆமென்" என்று கூரை அதிரச் சொன்னார்கள். லிஷாவும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். ஆராதனை முடிந்து வெளியே வந்து, படியின் கீழே தனியாக நின்றவரிடம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரமில்ல மாமா. மனுஷங்கன்னா தப்பு வரும்" என்றாள்.

பொன்னப்பன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி மக்கா" என்றார்.

திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், நாமும் பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்று.

ஜெயன் வேறு கடையில் குழாய் வாங்கித் தானே கைப்பிடியை மாற்றிக் கொடுத்தான். அது மாசம் கடந்தும் கண்ணாடியாக மின்னியது. "பாத்தியளா, இதாக்கும் முந்நூத்தி நாலு" என்று ஞானசிகாமணி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தடவிக் காட்டினார். ஜெயனுக்கு வேலைகள் திரும்பி வந்தன. பொன்னப்பன் மட்டும் வீட்டில் இல்லை, கள்ளிக்காட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்து லிஷா ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தாள். அந்தச் சிவப்புப் படம் கட்டுரையில் வர வேண்டும், அவ்வளவு நன்றாக இருந்தது. பக்கத்தில் வைத்துக் காட்ட, சேதமாகாத ஒரு பரப்பின் படமும் தேவை. மீதி இருந்த கைப்பிடித் துண்டை நீளவாக்கில் அறுத்தாள். படியில் இருந்தவரை குழாயின் இரண்டு முனையும் மூடிப் பற்றவைத்தே இருந்ததால் உள்ளே மழை போனதில்லை, காற்றும் போனதில்லை. மட்டமான ஸ்டீல்தானே, உள்ளேயும் ஓரளவு சிவப்பாகத்தான் இருக்கும், வித்தியாசத்தைக் காட்டலாம் என்று நினைத்து இயந்திரத்தில் வைத்தாள்.

படம் நீலமாக வந்தது. ஓரம் முதல் ஓரம் வரை நீலம்.

கண்ணாடிக் குழாயின் முனை அடைத்திருக்கும் என்று வேறு முனை மாற்றினாள். நீலம். வேறு இடத்தில் வைத்தாள். அங்கேயும் நீலம். பக்கத்து மேசை ஜித்தின் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அகத்தும் புறத்தும் ஒரே ஸ்டீல் தன்னே அல்லே?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். அவன் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் உள்ளும் வெளியும் ஒரே ஸ்டீல்தானே என்று லிஷா தனக்குத்தானே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அன்றைக்கு நிற்காத வரிசையில் இப்போது போய் நின்றாள். சோதனை முடிவு வந்தது. முந்நூற்று நாலு. சந்தேகத்துக்கு இடமில்லாத, சுத்தமான முந்நூற்று நாலு.

அப்படியானால் வெளிப்புறம் கெட்டது எதனால்? கடற்காற்றில் கெட்டுப்போக அந்த ஸ்டீலுக்கு இன்னும் காலம் வேண்டும். குழிகளுக்குள் என்ன தங்கியிருக்கிறது என்று பார்த்தாள். ஏராளமாகக் குளோரைடு, கூடவே சாதாரண இரும்பின் துணுக்குகள். குளோரைடு என்ற சொல்லைத் திரையில் படித்த அதே நொடியில் அவளுடைய மூக்குக்குப் பழைய நெடி ஒன்று ஏறியது.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள். கிரானைட் பதித்தவர்கள் விட்டுப்போன சிமெண்டுக் கறை. கறை போக அம்மா பாத்ரூம் ஆசிட் வாங்கிவந்து மக்கில் கலந்து படியெல்லாம் ஊற்றினாள். கைப்பிடியிலும் சிமெண்டுத் தெறிப்பு இருந்தது. அதன் மேலும் ஊற்றினாள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் அதை அழுத்தித் தேய்த்தவள், விடுமுறைக்கு வந்திருந்த லிஷா. ஊழியம் என்று நினைத்துத் தேய்த்தாள். பாட்டுப் பாடிக்கொண்டு தேய்த்தாள். பாத்ரூம் ஆசிட் பட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழி விழும் என்பது அவளுடைய பாடத்தில் முதல் பாடம். அந்தப் பாடத்தை அவளே கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுத்திருக்கிறாள். ஆய்வகத்தில் கையுறை போட்டுக்கொண்டு படிப்பதை சபைப் படியில் சுடிதார் நனைய நிற்கும்போது நினைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் ஆய்வகத்துக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். முகம் கொதித்தது. அழுகை வரவில்லை. "சாரமில்ல மாமா. மனுஷங்கன்னா தப்பு வரும்." தன்னுடைய குரல் தனக்கே கேட்டது. அந்தக் குரலில் எவ்வளவு கருணை! செய்யாத குற்றத்துக்கு அவரை மன்னித்திருக்கிறாள், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். ஆனந்தபாய் மீனுக்கு மசால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆசிட் ஊத்தினது நாந்தான். சிமெண்டுக் கறை போச்சா இல்லியா?"

"அம்மா, ஸ்டீல் கெட்டதே அதாலதான். ஜெயன் அண்ணன் கள்ளம் பண்ணல்ல. யாரும் பண்ணல்ல."

ஆனந்தபாயின் கை நின்றது. பிறகு மறுபடி மசால் தடவினாள், முன்பைவிட வேகமாக.

"அந்த மனுஷன் தானே வந்து ஒத்துக்கிட்டாரு? எடுக்காதவன் எடுத்தேன்னு சொல்லுவானா? போனது போச்சு. நீ இனி அதைக் கிளறாதே. சங்கத்துக்கு நான் செயலாளர் ஆக்கும்."

எடுக்காதவர் ஏன் எடுத்தேன் என்றார்? அதைக் கேட்கத்தான் உதியன்குளங்கரைக்குப் போனாள். கேட்கத்தான் போகிறேன், மன்னிப்பு அப்புறம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜெயன் ஒரு ஜன்னல் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமூடியை நெற்றிக்கு உயர்த்தினான். பழைய சிரிப்பு வரவில்லை, ஆனாலும் "வா மக்கா" என்றான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குழாயின் உட்புறம், சோதனை முடிவு, ஆசிட், இரும்பு நார். ஒரே மூச்சில் சொன்னாள், நடுவில் நிறுத்தினால் மிச்சம் வராது என்ற பயத்தில்.

"அப்போ அப்பா வாங்கினது நல்ல பைப்பா?"

"நல்ல பைப்பு அண்ணே."

"அவரு எடுத்தேன்னு சொன்னாரே?"

"அதாக்கும் எனக்கும் புரியல்ல."

ஜெயன் பற்றவைக்கும் இயந்திரத்தை நிறுத்தினான். சாலையில் களியக்காவிளை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"உனக்க படத்தைப் பாத்துட்டு நான் அவருகிட்ட கேட்டேன். வாங்கினது நீங்கதானே, என்ன செய்தீங்கன்னு. இல்லேன்னு தலையிலடிச்சுச் சத்தியம் பண்ணினாரு. நான் நம்பல்ல. படத்துல அவ்வளவு சிவப்பா கெடக்கே. வேலையெல்லாம் போச்சு. பிந்து எப்பவும் அழுவா. அப்புறம் ஒரு நாள் அவரே சபைக்குப் போய் ஒத்துக்கிட்டாரு. கெழவன்தான் கள்ளன், மவன் பாவம்னு ஊரு பேசிச்சு. எனக்கு வேலை திரும்பி வந்துது." அவன் குரல் இறங்கியது. "அதுக்கப்புறம் நான் அவருகிட்ட பேசல்ல. கஞ்சி குடிச்சீங்களான்னுகூடக் கேக்கல்ல."

சொல்லிவிட்டு முகமூடியை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டான். கையில் இருந்த கம்பியில் தீ இல்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். லிஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னுடைய ஒரு வார்த்தை இரண்டு வீடு தள்ளியிருந்த குடும்பத்துக்குள் புகுந்து எதையெல்லாம் உடைத்திருக்கிறது என்று அப்போதுதான் கண்டாள்.

பட்டறையின் பெட்டி ஆட்டோவில் இரண்டு பேரும் கள்ளிக்காட்டுக்குப் போனார்கள். பொன்னப்பன் மகள் வீட்டுப் பின்புறம் கொடியில் ரப்பர் ஷீட் விரித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். மகனைப் பார்த்ததும் கையிலிருந்த ஷீட்டைப் போட்டுவிட்டு, பிறகு ஏதோ நினைத்து, குனிந்து அதை எடுத்துத் திரும்பவும் விரித்தார்.

லிஷா மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஸ்டீல் நல்லதுன்னு எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதே? வாங்கினது நானில்லியா? எனக்குத் தெரியாதா?"

"பின்ன எதுக்குப்பா எடுத்தேன்னு சொன்னீங்க?" என்றான் ஜெயன்.

"எலே, நீ என்னை நம்பல்ல. ஊரு உன்னை நம்பல்ல. ரெண்டுல ஒண்ணைத்தான் என்னால சரியாக்க முடிஞ்சுது."

ஜெயன் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். பொன்னப்பன் அவன் தலையில் கை வைக்கவில்லை, தள்ளவும் இல்லை. "எழும்பு, அக்கா பாத்துருவா" என்றார்.

லிஷா கைகூப்பினாள். "மாமா, எனக்கு மாப்பு தரணும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சபைப் படியின் கீழே பார்த்த அதே பார்வை. அன்றைக்கு அது அவளுக்கு விளங்கவில்லை.

"இஞ்ச வச்சா? இந்த ரப்பர் ஷீட்டுக்கு முன்னாடியா?"

அவள் கூப்பிய கையை இறக்கினாள்.

"நான் எங்க நின்னு கேட்டேன் மக்கா?"

"சபையில."

"அம்பிட்டு பேரு முன்னாடி கேட்டேன். நீயும் அங்க நின்னு கேளு. நான் வாறேன்."

உண்மையில் அவள் வேறொன்றை எதிர்பார்த்து வந்திருந்தாள். பெரியவர், நல்லவர், தலையைத் தடவி "சாரமில்ல" என்பார், நாம் அழுவோம், அதோடு முடிந்துவிடும் என்று. அந்த எதிர்பார்ப்பும் இப்போது வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் அம்மா அவளோடு சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மட்டும், "எனக்க பேரைச் சொல்லிப்போடாதே" என்றாள். ஞானசிகாமணி போன் செய்து, "இதையெல்லாம் கமிட்டியில பேசித் தீக்கலாமே, திரையில படமொண்ணும் வேண்டாம்" என்றார். போதகர், "சுருக்கமா, தாழ்மையா சொல்லும்மா" என்றார். நீலப் படத்தைக் காட்ட ஆளில்லை. சிவப்புக்கு மட்டும் சபையில் இடம் இருந்தது.

பொன்னப்பன் சொன்னபடி வந்தார். அதே வேட்டி, அதே முழுக்கைச் சட்டை. ஜெயன் கூட வந்தான். இந்த முறை அவர் வாசலில் நிற்கவில்லை. நேராக நடந்து முன்வரிசையில், ஞானசிகாமணிக்குப் பக்கத்தில், நடுவாக உட்கார்ந்தார்.

லிஷா எழுந்து முன்னால் போனாள். மைக்கைத் தொடவில்லை. "ஜெயன் அண்ணன் போட்டது நல்ல ஸ்டீல்" என்று தொடங்கினாள். "பொன்னப்பன் மாமா ஒரு காசும் எடுக்கல்ல. மகனுக்க பேரைக் காப்பாத்த எடுத்தேன்னு சொன்னாரு. கைப்பிடியில ஆசிட் ஊத்தி இரும்பு நாரால தேச்சது நான். அது செய்யப்பிடாதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நெனைக்கல்ல. செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாம, ஒரு தூசி அளவு எடத்தைப் பாத்துட்டு, உங்க எல்லாருக்கும் முன்னாடி ஒரு குடும்பத்தைக் கள்ளன்னு சொன்னேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு அப்பிடிச் சொன்னேன். மாமாகிட்ட மாப்பு கேக்கிறேன்."

பெண்கள் பக்கத்தில் ஆனந்தபாய் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது யாரும் பாடவில்லை. புதிய கைப்பிடியை வருகிறவருக்கெல்லாம் தடவிக் காட்டிய ஞானசிகாமணி தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

போதகர் சட்டென்று முன்னால் வந்தார். நல்ல மனுஷர்தான். சங்கடம் நீடிப்பதை அவரால் தாங்க முடியாது.

"நம்ம பிள்ளை எவ்வளவு தாழ்மையோட அறிக்கை செய்திருக்கு! இதுவல்லவா சாட்சி! சபையே, மன்னிக்கிறோமா?"

"ஆமென்" என்று சிலர் முந்திக்கொண்டு சொன்னார்கள். மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். பெரிய பாரம் இறங்கினதுபோல இருக்கைகள் அசைந்தன. லிஷாவுக்குக்கூட ஒரு கணம் மூச்சு வந்தது. அப்பாடா என்று இருந்தது.

முன்வரிசையில் பொன்னப்பன் எழுந்தார்.

"நில்லுங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல்லியே."

ஆமென் பாதியில் நின்றுபோயிற்று. போதகர் தடுமாறி, "சொல்லுங்க அய்யா, சொல்லுங்க" என்றார்.

பொன்னப்பன் சபையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் லிஷாவைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, கருணையும் இல்லை.

"அன்னைக்கு நீங்க எல்லாருமா எனக்குப் பட்டுன்னு மாப்பு தந்தீங்க. உங்களுக்கு அது லேசா வந்துது. எனக்கு இன்னும் வரல்ல மக்கா. வரும்போ நானே வந்து சொல்லுறேன்."

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். எழுந்து போய்விடவில்லை. ஆராதனை முடியும் வரை இருக்கப் போகிறவராக வேட்டியைச் சரிசெய்துகொண்டு நன்றாகவே உட்கார்ந்தார். அடுத்து என்ன செய்வது என்று போதகருக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. லிஷா முன்னால் நின்றபடியே இருந்தாள். இனி இருக்கைக்குப் போகலாமா என்று பொன்னப்பனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.